ஏறாமல் நின்றது மறியல் ஆகாது

அனுப்புநர்
வி. மாரீஸ்வரி,
க/பெ. விஜயகுமார்,
ஏலத்தோட்டத் தொழிலாளி,
கூடலூர், தேனி மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தேனி.

பொருள்: ஜீப்பை மறித்ததாக ஜக்கம்மா மீது கொடுக்கப்பட்ட பொய்ப் புகாரை முடித்துவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் கூடலூரிலிருந்து தினமும் விடியலில் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். ஜீப் உரிமையாளர் திரு. சுருளியாண்டி அவர்களே தோட்டத்துக்கு ஆள் சேர்த்து விடுபவரும் ஆவார். ஆகவே அவர் ஜீப்பில் இடமில்லை என்றால் எங்களுக்கு வேலையும் இல்லை.

2. கடந்த மாதம் மழையில் மலைப்பாதை இறங்கும்போது, ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் கை நழுவியது. எங்களோடு காய் எடுக்க வரும் ஜக்கம்மாதான் சேலையைப் பிடித்து இழுத்து அவள் உயிரைக் காப்பாற்றினார். மறுநாள் அவர் உரிமையாளரிடம், "உக்கார இடமிருக்க ஆளுகள மட்டும் ஏத்துங்க, மிச்சப் பேருக்கு இன்னொரு நடை வாங்க" என்று கேட்டார். கேட்ட குற்றத்துக்காக, இனி ஜீப் பக்கமே வரக்கூடாது என்று அவரை இறக்கிவிட்டார்கள். அதற்கடுத்த காலையில் நாங்கள் ஒருவரும் ஏறவில்லை.

3. சோற்றுவாளியை ஜீப்பில் வைத்துவிட்டால் அன்று வேலைக்கு வருகிறோம் என்று பொருள். இது எங்கள் வழக்கம். அன்று வாளிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு சாலையோரம் சும்மா நின்றோம். திரு. சுருளியாண்டி அவர்கள் தம் ஓட்டுநர் சுரேஷ்கண்ணனிடம், "ஏலே, வாளிகளத் தூக்கி உள்ள வையி. சோறு போற பக்கம் தன்னால வருவாளுக" என்று உத்தரவிட்டார். வாளிகள் ஏறின. நாங்கள் ஏறவில்லை. வீம்புக்கு வண்டியை எடுக்கச் சொன்னார், வண்டியும் போயிற்று.

4. தோட்டத்துக் கங்காணி வேலுச்சாமி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "ஏப்பா, வாளியா வந்து காய் எடுக்கும்? ஆளுக எங்கன?" என்று கேட்டதாக ஓட்டுநரே எங்களிடம் சொன்னார். சாயங்காலம் வாளிகள் சோறு குறையாமல் திரும்பி வந்தன. பசித்தது உண்மைதான். ஆனால் அன்று சிரித்ததுபோல் நாங்கள் என்றைக்கும் சிரித்ததில்லை. மனுவில் இதை எழுதத் தகாது என்றால் பொறுத்தருளவும்.

5. பிறகு மற்ற ஜீப்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். அவற்றிலும் ஏறவில்லை. காய் செடியிலேயே பழுத்து நிற்க, தோட்டத்தார் நெருக்கினார்கள். கடைசியில் திரு. சுருளியாண்டி அவர்களே ஜக்கம்மா வீட்டு வாசலுக்கு வந்து, "வந்து ஏறு ஆத்தா, இனி யாரும் தொங்க வேணாம்" என்றார். இப்போது ஜக்கம்மா முன்இருக்கையில் போகிறார். ஜீப் இரண்டு நடை அடிக்கிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் ஐயா.

6. ஆனால் நாங்கள் ஏறாமல் நின்ற நாட்களில் திரு. சுருளியாண்டி அவர்கள் கோபத்தில் கொடுத்த புகார் அப்படியே நிற்கிறது. வாளிகள் போன அன்று ஜக்கம்மா எங்களைத் தூண்டிவிட்டு ஜீப்பை மறித்ததாக அதில் உள்ளது. அதைத் திரும்பப் பெற அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. விசாரிப்பது காவல் நிலையத்தாரின் கடமை. அவர்கள்மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் வழக்கென்று பதிவாகிவிட்டால் ஜக்கம்மாவை எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். மறிக்கப்பட்ட ஜீப் அதே காலையில் சோதனைச்சாவடி தாண்டித் தோட்டம் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதைத் தாங்கள் கேட்டறிய வேண்டும். ஓட்டுநர் சாட்சி சொல்லச் சம்மதித்து, கீழே கையொப்பமும் இட்டுள்ளார்.

7. எனவே இப்புகாரை முடித்துவைக்கப் பணிந்து வேண்டுகிறோம். அதுவரை ஜக்கம்மாவை எப்போது அழைத்தாலும் தவறாமல் வருவார். தனியாக வரமாட்டார்; அத்தனை பெண்களும் உடன் வருவோம். நிலையத்தில் உட்கார இடம் போதாவிட்டால் நின்றுகொள்கிறோம். அன்றைக்குக் கூடலூரிலிருந்து ஓர் ஆளும் காய் எடுக்க மலை ஏறமாட்டார் என்பதைத் தோட்டத்தாருக்கும் திரு. சுருளியாண்டி அவர்களுக்கும் மரியாதையாக முன்கூட்டியே தெரிவித்துவிட்டோம்.

இடம்: கூடலூர்
நாள்: 14.10.2025

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
வி. மாரீஸ்வரி
மற்றும் ஜீப்பில் உடன் செல்லும் பெண்கள் அனைவரும்

சாட்சி: சுரேஷ்கண்ணன், ஜீப் ஓட்டுநர்