இட்லி மேல் போட்ட பழி

வியாழன், இரவு.

மகள் ரேவதிக்குப் பெண்ணுறுப்பில் அரிப்பு; முன்பு ஈஸ்ட் என்று மாத்திரை கொடுத்தும் போவதும் வருவதுமாக இருந்தது. பெரிய வியாதியோ என்ற பயத்தோடுதான் இன்று அடையாறு டாக்டரம்மாவிடம் போனோம். இப்போதும் வெறும் ஈஸ்ட் கிருமிதானாம். ஒரே ஈஸ்ட்டிலும் மரபணு மாறிய ரகங்கள் உண்டாம். இவளுக்கு வந்தது பழைய மாத்திரைக்கு அடங்காத ரகம். மருந்தை மாற்றியிருக்கிறார், சரியாகிவிடுமாம். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

முன்பு ஈஸ்ட் என்று கேட்டதுமே, புளித்த மாவுதான் காரணம் என்று வீட்டில் இட்லியை நிறுத்திய மேதை நான். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

ஆட்டோவில் ரேவதி கேட்டாள்: "இத்தினி நாளா உப்புமா போட்டே கொன்னியே நைனா, இப்ப இன்னா சொல்ற?"

தெருமுனைக் கடையில் இறங்கி இட்லி மாவு வாங்கினேன்.

கடைசி இட்லியை என் தட்டில் வைத்து, "பயப்படாம துன்னு" என்றாள்.