உரக்கக் கூப்பிடு

அன்பு மகளுக்கு, அம்மா நலம். உன் தலைவலி குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நான் பயத்தில் மயங்கி விழுந்ததாக உன் சித்தி எல்லோரிடமும் சொல்கிறாளாம். மயங்கவில்லை. கால் வலித்ததால் துணி மூட்டைமேல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மருத்துவமனைத் துணியறையில் போர்வைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் காவலாளி பூட்டிவிட்டார். கான்வென்டில் படித்தவள் அல்லவா, மெல்லத் தட்டி, "யாராவது இருக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். ஆட்கள் பேசியபடியே கடந்து போனார்கள். கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன். ஓடிவந்து திறந்த சலவைக்காரப் பெண், "மொதல்லயே கத்தியிருக்கலாம்ல? உங்க கௌரவமாம்மா வந்து கதவத் தொறக்கும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

தங்கும் அறைக்கு வந்ததும் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மற்றவர்கள் போன பிறகும் மேலாளர் உன்னை மட்டும் இருக்கச் சொல்லி, நாற்காலியை ஒட்டி நிற்கிறார் என்று எழுதியிருந்தாய். "நீங்கள் சொல்லித்தந்தபடி பொறுமையாக இருக்கிறேன்" என்றும் எழுதியிருந்தாய். கொடுத்த வாக்கைக் காப்பது, நேரம் தவறாமலிருப்பது எல்லாம் இருக்கட்டும். பெண் குரல் உயரக் கூடாது என்று நான் சொன்னதை மட்டும் இன்றோடு விட்டுவிடு. அவர் நெருங்கினால் நாலு பேருக்குக் கேட்கும்படி கத்து. வேலை போனால் போகட்டும், நீ எனக்கு வேண்டும்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. மாலையில் பேச ஆளில்லை, படித்துத்தான் பொழுதைப் போக்குகிறேன். பணிக்கு நேரமாகிவிட்டது. போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று மழுப்புவாய். அந்த ஆளிடம் என்ன சொன்னாய் என்று ஒளிக்காமல் எழுதி அனுப்பு.

அம்மா