நினைவுச்சின்னத்தின் முன் கழற்றிய ஷூ

27 மே 2002, திங்கள். எடிசன்.

இன்று லீவு. ரூம்மேட் முரளியோடு, கடலோரத்திலுள்ள கமாண்டோ வீரர்களின் நினைவுச்சின்னத்துக்குப் போனேன். படகிலிருந்து கரையில் குதித்ததுமே செத்துப்போன பையன்கள். காயம்பட்ட தோழனை விட்டுவிட்டு வராதவர்கள் என்று கல்லில் இருந்ததை முரளிதான் உரக்கப் படித்தான். தர்காவுக்குப் போகிற பழக்கத்தில் நான் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் குண்டு கொண்டுபோனதிலிருந்து இங்கே ஷூ என்றாலே பயம். யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போலீஸ்காரர் என் பெயரைக் கேட்டார். அப்துல் காதர் என்றேன். உடனே முரளியிடம் திரும்பி, நான் அவனோடு வந்தவனா என்று கேட்டார்.

"நோ, ஆபீஸர்" என்றான்.

ஷூவை உதறிப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

காரில், "தப்பா எடுத்துக்காதடா காதர், என் கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு" என்றான்.

எனக்கும்தான் பெண்டிங்கில் இருக்கிறது. நாளைக் காலையும் அவன் காரில்தான் ஆபீஸ் போயாக வேண்டும்.