இருபதுக்குப் பதினான்கு

கல்வராயன் மலை
7.12.1986, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதுவது. மழை விட்டு நான்கு நாளாகிறது. உடம்புக்குக் குறைவில்லை. அத்தையின் கால்வலி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்திலும் கேட்டேன். நீங்கள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் மற்ற ஆசிரியர்கள் எல்லாம் இறங்கிப் போய்விடுகிறார்கள். விடுதிப் பிள்ளைகளும், சமையல் செய்கிற குஞ்சம்மாளும், நானும் மிச்சம். சனி, ஞாயிறு இரண்டும் நீளமாக இருக்கின்றன.

நீங்கள் எழுதிக் கொடுத்த டிட்டர்மினர் குறிப்பைச் சத்தம்போட்டுப் படிக்கிறேன். எ, ஆன், தி. திஸ், தட். மை, யுவர். சம், எனி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கிற சின்னச் சொற்கள். திஸ், தட் புரிகிறது. நம்மிடமும் இந்த, அந்த இருக்கிறது. எ, தி இரண்டும்தான் வழுக்குகின்றன. தமிழில் மாடு வந்தது என்றால் மாடு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதை வாசலிலேயே நிறுத்தி, ஏதோ ஒரு மாடா, முன்பே தெரிந்த மாடா என்று விசாரிக்கிறார்கள்.

சூரியன் ஒன்றே ஒன்று என்பதால் அதற்கு முன்னால் 'தி' போட வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த குஞ்சம்மாள், "ஒண்ணே ஒண்ணுதான இருக்குது டீச்சர். அதுக்கு இன்னாத்துக்கு அடையாளம்? மாறியா பூடும்?" என்றாள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பட்டப் படிப்பில் இந்த ஆங்கிலத் தாளில்தான் இரண்டு முறை தவறினேன். மே மாதம் மூன்றாவது முறை. தேறினால் பட்டம். பட்டம் வந்தால் கீழே மாறுதல். பிறகு ஒரே வீட்டில் இருப்போம். கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் நாம் சேர்ந்து இருந்த நாட்களை நேற்று எண்ணிப் பார்த்தேன். எத்தனை என்று எழுதவில்லை.

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் மேலே வாருங்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தாளில் எழுதுகிற விஷயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

உங்கள்
செவ்வந்தி


நைனார்பாளையம்
14.12.1986

அன்புள்ள செவ்வந்திக்கு,

அம்மாவுக்குக் கால்வலி கம்மி. சாயங்காலம் கடைத்தெரு வரை போய் வருகிறாள்.

விடுமுறையில் வர இயலாது. இரண்டு வகுப்புக்கும் சேர்த்து நூற்றெண்பது விடைத்தாள் இருக்கிறது. நீயும் இறங்கி வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு வந்திருந்தபோது நான்கு நாளில் ஒரு பக்கம்கூட நீ படிக்கவில்லை. அம்மா உன்னை அடுப்படியை விட்டு எழுந்திருக்க விடமாட்டாள் என்று உனக்கே தெரியும். மே வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள். நீ சொல்ல வேண்டியது எதுவானாலும் அதுவரை கெட்டுப்போகாது. அப்புறம் ஆயுசு முழுவதும் பேசலாம்.

குஞ்சம்மாள் கேட்டது நியாயம்தான். ஆனால் அது அந்த மொழியின் வழக்கம். வழக்கத்தோடு சண்டை போட்டால் தேற முடியாது.

எப்போதும் போல ஞாயிறுதோறும் ஒரு பத்தி அனுப்பு. தாளை நடுவில் மடித்து இடது பாதியில் எழுது. வலது பாதி எனக்கு. ஜனவரி முதல் ஞாயிறுக்குத் தலைப்பு, 'தொலைந்துபோன ஒரு பொருள்'. பன்னிரண்டு வாக்கியம். எட்டு வகை டிட்டர்மினராவது வர வேண்டும். கற்பனையாக எழுதலாம்.

குளிர் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டேன். காதைக் கட்டிக்கொள்.

அன்புடன்
ஆதிமூலம்


கல்வராயன் மலை
4.1.1987

அன்புள்ள மாமாவுக்கு,

பத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வாக்கியம் இருக்கிறது. தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள்.

உங்கள்
செவ்வந்தி


நைனார்பாளையம்
9.1.1987

அன்புள்ள செவ்வந்திக்கு,

பத்தியைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல முன்னேற்றம்.

'ஐ லாஸ்ட் திங்' என்று தொடங்கியிருக்கிறாய். ஒரு பொருளை முதல் தடவை சொல்லும்போது அது கேட்பவனுக்குத் தெரியாது. ஆகவே அங்கே 'எ' வேண்டும். இரண்டாம் வரியிலிருந்து 'தி' போட்டிருக்கிறாய், அது சரி. 'டென் வீக்ஸ்' அது என்னிடம் இருந்தது என்கிறாய். எண்ணும் டிட்டர்மினர்தான், சரி. குஞ்சம்மாள் 'சம் ஹாட் வாட்டர்' கொண்டுவந்தாள் என்று எழுதியது பிரமாதம். எண்ண முடியாத பொருளுக்கு 'சம்' வரும் என்பதை மறக்கவில்லை. சேலைக்கு முன்னால் 'மை' விட்டுப்போயிருக்கிறது. யார் சேலை என்று தெரிய வேண்டாமா?

ஒரு குறை. கடைசி வரை அந்தப் பொருள் என்ன என்று நீ சொல்லவே இல்லை. மோதிரமா, மணிபர்ஸா? யாரும் பார்க்காத பொருள், யாரிடமும் சொல்லாத பொருள் என்றே போகிறது. வாசிக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. அடுத்த முறை பெயரைச் சொல்லி எழுது.

இருபதுக்குப் பதினான்கு.

பொங்கலுக்கும் இறங்காதே. இந்தச் சூட்டோடு படித்துவிடு. அம்மா பொங்கல் வாழ்த்துச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்
ஆதிமூலம்


கல்வராயன் மலை
18.1.1987

மாமாவுக்கு,

இன்றைக்கு ஆங்கிலம் இல்லை.

தொலைந்தது மோதிரம் இல்லை. மணிபர்ஸும் இல்லை. நம் பிள்ளை.

தீபாவளிக்கு வந்துபோன பிறகு தெரிந்தது. மூன்று மாதம் முடிகிற வரை இந்த மலைப்பாதை பஸ்ஸில் ஏறாதே என்று குஞ்சம்மாள் சொன்னாள். அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். டிசம்பர் முப்பதாம் தேதி காலை, கிணற்றடியில் துணி அலசும்போது வலி வந்தது. குஞ்சம்மாள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ரோட்டுக்கு ஓடினாள். அவள் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. "இன்னாம்மா இப்படி ஐஸாட்டம் இருக்கற? வாயத் தொறந்து அழுவேன்" என்று என் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நர்ஸ் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, பத்து வாரம் என்றார்.

தமிழில்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். நம் பாஷையில் எழுதினால் அது எனக்கு நடந்ததாக இருந்தது. ஆங்கிலத்தில் யாருக்கோ நடந்ததாக இருந்தது. தலைப்பும் பொருத்தமாகக் கிடைத்தது. பாதித் தாளில் அடங்கியும் விட்டது. நீங்கள் படித்த உடனே பஸ் ஏறிவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஐந்தாம் தேதியிலிருந்து பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் ரோட்டில் நின்றேன்.

பன்னிரண்டாம் தேதி தபால் வந்தது. சிவப்பு மையைப் பார்த்தேன்.

நீங்கள் கற்பனை என்றுதான் நினைத்திருப்பீர்கள். அதை நான் புரிந்துகொள்கிறேன். நானே மூடி மூடித்தான் எழுதினேன். ஆனாலும், கிணறு, வெந்நீர், சேலை, பத்து வாரம். இவ்வளவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

பெயரைச் சொல்லி எழுதச் சொன்னீர்கள். பெயர் இல்லை மாமா. பெயர் வைக்கிற அளவுக்கு அது இருக்கவில்லை.

வாருங்கள்.

செவ்வந்தி


நைனார்பாளையம்
20.1.1987

செவ்வந்தி,

கடிதம் இப்போதுதான் வந்தது. படித்துவிட்டுத் தெருவில் போய் நின்றேன். "இன்னாடா, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுக்கிறேன். காலை பஸ்ஸில் வருகிறேன்.

ஆதிமூலம்


கல்வராயன் மலை
25.1.1987

மாமாவுக்கு,

நீங்கள் வந்ததை, பஸ் போன பிறகுதான் குஞ்சம்மாள் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒங்க வூட்டுக்காரரு ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தாரு டீச்சர். உள்ள போங்க, இல்லாட்டி சோறாவது துன்னுங்கன்னேன். பாடம் நடக்கும்போது பூந்து தொல்ல குடுக்கக் கூடாதும்மான்னாரு. சர்தான், வாத்தியாருக்கு வாத்தியாரு மரியாத போலன்னு நான் உலைய வைக்கப் போனேன். அப்பால வந்து பாத்தா ஆளக் காணோம். பஸ்ஸுல போய்க் குந்திக்கினு இருக்காரு. அந்த வண்டி கெளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்திச்சி! பாடம் முடிஞ்சதும் எறங்கி வருவாருன்னு வுட்டுட்டேன்."

நீங்கள் அவளிடம் கொடுத்த ஹார்லிக்ஸும் திராட்சையும் கிடைத்தன. திராட்சையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று காலையிலேயே தலைக்குக் குளித்து, நீங்கள் எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தேன். ஆறாம் வகுப்பில் இருந்தேன். மணியடிக்க இருபது நிமிடம் இருந்தது. ஜன்னல் என் முதுகுப் பக்கம். நான் திரும்பவே இல்லை.

ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாமல் இருந்தால்தான் என்னால் முடியாது.

செவ்வந்தி


நைனார்பாளையம்
1.2.1987

அன்புள்ள செவ்வந்திக்கு,

ஏன் என்று கேட்டிருக்கிறாய்.

உன்னிடம் என்ன சொல்வது என்று கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதிலிருந்து மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். எழுதின ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே அடித்தேன். மலையேறி முடித்தபோது ஒன்றும் மிச்சமில்லை. ஜன்னலில் நின்றேன். நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாய். மெலிந்திருந்தாய். நீ திரும்பினால் என்னைப் பார்த்துவிடுவாய் என்று பயமாக இருந்தது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

மே நெருங்குகிறது. ஒரு பாடம் சொல்லித்தராமல் விட்டிருக்கிறேன். 'லிட்டில்' என்றால் ஏறக்குறைய இல்லை என்று பொருள். 'எ லிட்டில்' என்றால் கொஞ்சமாவது இருக்கிறது என்று பொருள். எண்ண முடியாதவற்றுக்கு மட்டும் இது வரும். எண்ணக் கூடியவற்றுக்கு 'ஃப்யூ', 'எ ஃப்யூ'. தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். பத்து உதாரணம் எழுதி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ஆதிமூலம்


கல்வராயன் மலை
2.8.1987

மாமாவுக்கு,

அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய ஏழு கடிதங்களும் வந்தன. ஒவ்வொன்றையும் பிரித்தவுடன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. ஏழிலும் இலக்கணம் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. நல்ல விளக்கங்கள். அவற்றை வைத்துத்தான் படித்தேன். தேறிவிட்டேன். அறுபத்தொரு மதிப்பெண். இது உங்களால் வந்தது. வேறு யாரும் எனக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய் அலுவலகத்தில் சான்றிதழைக் காட்டினேன். எந்த ஊரில் இடம் வேண்டும் என்று எழுதித் தர ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பினால் உங்கள் பக்கத்திலேயே போடுவார்களாம். நான் நிரப்பாமல் கொடுத்தேன். எழுத்தர் பிச்சைமுத்து அதைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"இத்த வுட்டுட்டியேம்மா. இது இல்லாட்டி திரும்ப மலையிலயே போட்டுடுவாங்க. வூட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"பார்த்துத்தான் சார் விட்டேன்" என்றேன்.

அவர் முத்திரையை எடுத்தார்.

அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் கோபத்தில் இருப்பதாகச் சொல்லாதீர்கள், அத்தை மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

மலைக்குத் திரும்பும் மூன்று மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

செவ்வந்தி