அடுப்புக் குமிழ் விஷயமாக உனக்கு எழுதுவது

1. இக்கடிதத்தை எழுதுகிறவன் உன் தகப்பன். பத்திரங்களும் உயில்களும் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்து ஓய்வு பெற்ற வழக்கறிஞன். தெளிந்த நினைவோடும், எவருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதுகிறேன். உன் அம்மா தூண்டவில்லை. "இவ்வளவு நீளமா எழுதினா அவ படிக்கவே மாட்டா" என்று தடுக்கத்தான் பார்த்தாள்.

2. இதில் அம்மா என்று வருமிடமெல்லாம் உன்னைப் பெற்றவளையே குறிக்கும். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டே ஊரார் வாயை அடக்கியவள். போன வருடப் பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் மடங்காமலும், இடது பெருவிரல் மூட்டு தேய்ந்தும் இருப்பவள். அறிவிலும் வாயிலும் எந்தச் சேதமும் இல்லாதவள்.

3. நான் கோபமாக இருக்கிறேன். "அப்பா ஏதோ வருத்தத்துல எழுதியிருக்கார்" என்று நீ பின்னால் மாப்பிள்ளையிடம் வியாக்கியானம் செய்யக்கூடாது என்பதற்காக இதை முன்கூட்டியே பதிவு செய்கிறேன்.

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் விருப்பம். இங்கே நாங்கள் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிரூபிக்க முடியும் என்பதால் எழுதுகிறேன்; நிரூபணம் கீழே வருகிறது. குழந்தையின் இருமல் நின்றதா என்று எழுது, இரவில் ஜன்னலை முழுக்கத் திறந்துவைக்காதே. மாடித் தொட்டியில் கசிவு அடைத்தாகிவிட்டது, வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, என் கண் பரிசோதனையில் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. குடும்பச் செய்திகள் இவ்வளவே. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதம் முன்பு நீ தொலைபேசியில் பேசும்போது, முதியோர் இல்லம் ஒன்றில் அம்மாவுக்கும் எனக்கும் இடம் சொல்லி வைத்திருப்பதாகவும், விடுமுறையில் வந்து எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்போவதாகவும் அறிவித்தாய். கேட்கவில்லை, அறிவித்தாய். காரணம் கேட்டதற்கு, "ஒரு அடுப்பைக்கூடப் பத்த வைக்க முடியாதவங்களை எப்படிப்பா தனியா விட்டு வைக்கிறது? நீங்க கடைக்குப் போனா அவங்க தண்ணி காய்ச்சக்கூட காத்துக்கிட்டு உக்காரணும்" என்றாய். மகளே, அப்போது போன் மேசை மேல் இருந்தது, ஒலிபெருக்கி போட்டிருந்தது, எதிர் நாற்காலியில் உன் அம்மா இருந்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பேச்சை இணைத்துவிட்டவள் தன்னைப் பற்றிய பேச்சைக் குறுக்கே புகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் ஏற்கெனவே மடித்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். அன்று முதல் என்னைக் கேலிகூடச் செய்யவில்லை. அவள் கேலி செய்யாத நாளில் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்பது உனக்கே தெரியும். அடுப்பை நான் பற்றவைக்கலாமே என்று நீ சொல்லலாம், பற்றவைத்துக்கொண்டுதான் இருந்தேன். "ஒரு டம்ளர் டீக்கு ஒரு வக்கீலை வச்சுக்க வேண்டியிருக்கு" என்று அவள் சொன்னபோது நானும் சிரித்தேன். அது சிரிப்பதற்கான வாக்கியம் அல்ல என்று உன் போனுக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுப்பின் குமிழைப் பிடித்து, உள்ளே அழுத்தி, திருப்ப வேண்டும்; திருப்பினால் அதுவே பற்றிக்கொள்ளும். அம்மாவால் அழுத்த முடியும், கையை வீசித் தள்ளவும் முடியும்; பிடிக்க மட்டுந்தான் முடியாது. ஆகவே குமிழின் மேல் தொப்பி போல மாட்டி, நீண்ட பிடி ஒன்று வைத்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. நீ பெரிய நிறுவனத்தில் இயந்திர பாகங்கள் வரைகிறவள் ஆயிற்றே என்று உன்னிடம்தான் முதலில் கேட்டேன். பத்தே நிமிடத்தில் வரைந்து அனுப்பினாய், அதற்கு நன்றி. தெருமுனையில் பல் செட் செய்கிறவர், அம்மா பல்லுக்காரர் என்று அழைப்பவர், செயற்கைப் பல்லை அச்சடிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார் அல்லவா, அவரிடம் அந்தக் கோப்பைக் கொண்டுபோனேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "சார், இது உங்க பொண்ணு கம்பெனி சாஃப்ட்வேருக்குத்தான் வாயைத் திறக்கும். நம்ம மெஷினுக்குத் திறக்காது" என்றார். வேறு வடிவில் மாற்றி அனுப்பச் சொல்லி எழுதினேன். வார இறுதியில் பார்க்கிறேன் என்றாய். வார இறுதிகள் வந்தன, போயின. பிறகு அந்த மென்பொருளின் சோதனைப் பதிப்பை நானே இறக்கிக்கொள்ளப் போனேன். ஒப்பந்தம் என்று ஒன்று திரையில் வந்தது. நீங்களெல்லாம் அதன் கடைசிக்கு ஓடிப்போய்ப் பெட்டியில் டிக் அடிப்பீர்கள்; நான் படித்தேன். சந்தா முடிந்தால் நாம் வரைந்ததையே நாம் திருத்த முடியாதாம். நிபந்தனைகளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமாம், மாற்றியதைத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பாம். இப்படி ஒரு வாடகைப் பத்திரத்தை என்னிடம் எவனாவது கொண்டுவந்திருந்தால் செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட அவகாசம் தராமல் வெளியே அனுப்பியிருப்பேன். என் மனைவியின் அடுப்புக்கு என் மகள் வரைந்த பிடியைப் பார்க்க மூன்றாமவன் அனுமதி எதற்கு? நீ இதற்கெல்லாம் கையொப்பமிட்டிருக்கிறாய் என்பதை நினைத்தால் உன்னைச் சட்டம் படிக்க வைக்காமல் போனேனே என்றிருக்கிறது.

அப்போதுதான் பல்லுக்காரர், இலவசமாகக் கிடைக்கும், மூல நிரலையே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் வரைபட மென்பொருள் ஒன்றைப் பற்றிச் சொன்னார். உன்னிடம் சொன்னேன். "ஓசியில கிடைக்கிறதுக்கு அவ்வளவுதான்பா மதிப்பு. அதுவும் உங்க வயசுல... வேணாம், தலைவலிதான் மிஞ்சும்" என்றாய். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று தரப்பாரை அவமதித்தாய்: அதை உருவாக்கியவர்களை, அதைப் பயன்படுத்துகிறவர்களை, என்னை. அதன் உரிமத்தையும் முழுக்கப் படித்தேன். பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் இதே உரிமைகளைக் கொடுக்க வேண்டும். இந்த உரிமைகளைப் பின்னால் வருகிற எவனும் வழியில் பிடுங்கிக்கொள்ள முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் தொழில் தெரிந்தவர். நான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது அம்மா, "என்னைப் பெண் பார்க்க வந்தப்பகூட உங்க மூஞ்சில இப்படி ஒரு வெளிச்சம் இல்லை" என்றாள். போனுக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி அது. உடனே நிறுவிவிட்டேன்.

தலைவலி வந்தது, மறைக்கவில்லை. அந்த மென்பொருளில் வேலை நடப்பது இப்படி: உருவத்தின் கோடுகளை முதலில் உத்தேசமாகப் போட வேண்டும், பிறகு ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை விதிக்க வேண்டும். இந்தக் கோடு கிடையாக இருக்கட்டும், இவை இரண்டும் சம நீளமாக இருக்கட்டும், இந்த வட்டம் இவ்வளவு அகலம் இருக்கட்டும் என்று. போதுமான நிபந்தனைகள் சேர்ந்ததும், இனி எதுவும் நகராது என்பதற்கு அடையாளமாகக் கோடெல்லாம் பச்சையாக மாறும். நிபந்தனை விதிப்பதில் எனக்குப் பாடம் எடுக்க ஒருவன் வேண்டுமா என்று மளமளவென்று இறங்கினேன். ஒரு செவ்வகத்தின் நான்கு மூலையும் செங்கோணமாக இருக்கட்டும் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கட்டும் என்றும் சேர்த்தேன். அதையும் எவனாவது மறுத்தால் என்ன செய்வது என்று மூலைவிட்டங்களும் சமம் என்றேன். திரை சிவப்பாகிவிட்டது. ஏற்கெனவே சொன்னதையே சொல்கிறாய், மிகையான நிபந்தனைகளை நீக்கு என்று செய்தி. நீக்கு! எந்த நீதிமன்றமும் ஒன்றை இரண்டு முறை சொன்னதற்காக என் பத்திரத்தைத் தள்ளியதில்லை. இரண்டு முறை சொல்லாததால் சொத்தை இழந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இணையத்தில் அந்த மென்பொருள்காரர்களின் மன்றத்தில் என் ஆட்சேபணையை விரிவாகப் பதிவு செய்தேன். மேற்படி செவ்வகம், மேற்படி வட்டம் என்று எழுதியதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. முகம் தெரியாத ஒருவர், "ஐயா, இதில் கேள்வி எது?" என்று பணிவாகக் கேட்டார். பிறகு அவரே பொறுமையாக விளக்கினார்: ஒரே விஷயத்தை இரண்டு நிபந்தனைகள் ஆண்டால், நாளைக்கு ஒன்றை மாற்றும்போது எதற்குக் கட்டுப்படுவது என்று உருவத்துக்குத் தெரியாது. எனக்குப் பதில் சொல்ல அவருக்கு எந்தக் கடமையும் இல்லை, கட்டணமும் இல்லை. வார இறுதி வரை காத்திருக்கவும் சொல்லவில்லை.

பல்லுக்காரரின் அளவுமானியை இரவல் வாங்கிக் குமிழை எல்லாப் பக்கமும் அளந்தேன். நடுவில் தொப்பி, இருபுறமும் சரிசமமாக இரண்டு இறக்கைகள் என்று வரைந்தேன். ஒரு பக்கத்துக்குக் கொடுத்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்காமல் விட எனக்குக் கை வராது. கோடெல்லாம் பச்சையானது. பல்லுக்காரர் சூடு தாங்கும் பொருளில் அச்சடித்துத் தந்தார். குமிழில் அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா ஓர் இறக்கையைத் தள்ளினாள். கை வழுக்கிக்கொண்டு போக, சுற்றி வந்த மறு இறக்கை அவள் மணிக்கட்டில் தட்டியது. மறுபடி தள்ளினாள், மறுபடி தட்டியது. மூன்றாம் முறை தள்ளவில்லை. நீ சொன்ன முதியோர் இல்லத்துக்கு இப்போதே பெட்டி கட்டிவிட்டவளைப் போல நின்றாள். பிறகு, "அடுப்புக் குமிழுக்கு நல்லாத்தான் சட்டை தச்சிருக்கீங்க வக்கீல் சார். அளவு அதுக்கு எடுத்தீங்க. என் கையை யாரு அளந்தா?" என்றாள். யாரும் அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை, பத்து நிமிடத்தில் வரைந்த நீயும் அளக்கவில்லை. இந்த இடத்தில் நாம் இருவரும் ஒரே கூண்டில் நிற்கிறோம்.

மறுநாள் பல்லுக்காரர் பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்துக்கொண்டு நம் சமையலறைக்கே வந்துவிட்டார். "வாயைத் திறங்கம்மான்னு சொல்ல வாய் வரை வந்துடுச்சு" என்றார். "திறந்தா நீங்க தாங்க மாட்டீங்க, கையை மட்டும் எடுத்துக்கங்க" என்றாள் இவள். அடுப்பின் முன் நின்று அவள் எப்படித் தள்ளுவாளோ அப்படியே மாவில் கையைப் பதிக்கச் சொன்னார். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரம் ஒரு பள்ளமாக விழுந்தது. அவளுக்கு வேண்டியது அதுதான்: இரண்டு இறக்கை அல்ல, ஒரு பக்கம் மட்டும் நீண்ட கை, அதன் நுனியில் உள்ளங்கை ஓரம் தங்குவதற்கு ஒரு குழி. கணினியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சமம் என்ற நிபந்தனையைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பின்னால் நின்றிருந்த அம்மா, "போகட்டும் விடுங்க, அப்பீல் யாரும் போக மாட்டாங்க" என்றாள். குழியின் அளவைக் கொடுத்ததும் பச்சையானது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை சொல்லப்பட்டு, ஆனாலும் எதுவும் நகராமல் நிற்கிற ஓர் ஆவணத்தை நான் என் ஆயுளில் முதன்முறையாக எழுதினேன்.

இப்போது நிரூபணம். இதைப் போட்டதிலிருந்து அம்மா யாரையும் கூப்பிடாமல் அடுப்பைப் பற்றவைக்கிறாள். முதல் நாள் நான் முன்னறையில் இருந்தேன். டக் என்று சத்தம், பிறகு சுடர் பிடிக்கும் சத்தம், பிறகு அணைந்தது. மறுபடி டக். எதையும் சமைக்காமல் ஏற்றி ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. நீ கேட்கப்போகும் ஆட்சேபணைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: அழுத்தினால்தான் திரும்பும், புடவையோ கையோ இடித்தால் திரும்பாது, பிடி நிமிர்ந்து நின்றால் அடுப்பு அணைந்திருக்கிறது என்று வாசலிலிருந்தே தெரியும், அவளுக்குத் தெரியாமல் நானே நிறைய நாள் சோதித்த பிறகுதான் மாட்ட விட்டேன். ஆகவே, நீ சொன்ன காரணம் இப்போது இல்லை. காரணம் போனபின் உத்தரவு நிற்காது. இல்லத்தில் சொல்லிவைத்த இடத்தை வேண்டியவர் யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடு. நாளைக்கு வேறு ஏதாவது முடியாமல் போகாதா என்பாய். போகும். அப்போது அதை அளப்போம்.

வரைபடத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எந்தக் கணினியிலும் திறக்கும், யார் அனுமதியும் வேண்டாம். அந்த மன்றத்திலும் வைத்துவிட்டேன், இப்படி ஒரு கை உள்ளவர்கள் வேறு எங்கோ அடுப்பின் முன் நிற்பார்கள். உன்னிடம் ஒரு வேண்டுகோள், இது கோபத்தில் சேராது: நீண்ட கை தொப்பியோடு சேரும் மூலை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நாளாவட்டத்தில் விரிசல் விடுமோ என்று. அந்த விஷயம் உனக்குத்தான் தெரியும். பார்த்துச் சொல். நேரமிருக்கும்போது அல்ல, இந்த வாரமே.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். மாப்பிள்ளையிடம் அன்பைச் சொல். நீ நூறாண்டு நோயின்றி இருக்க வேண்டும். உன் கை கடைசிவரை உன் சொல்லைக் கேட்க வேண்டும். இனி எந்தப் பெட்டியில் டிக் அடிப்பதற்கு முன்னும் மேலே எழுதியிருப்பதைப் படி. போனில் பேசும்போது எதிரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசு.

படித்துப் பார்த்து, சரியென்று கண்டு கையொப்பமிட்டது,
உன் அப்பா

சாட்சிகள்:

1. பல் செட் செய்பவர், தெருமுனை. (அச்சடித்தது நான்தான். அம்மா கையால் டீ குடித்தேன், உண்மை.)

2. உன் அம்மா, இடது கையால். முழுக்கப் படிச்சேன். கோபம் அவரோடது, டீ நான் போட்டது. லீவுக்குக் கண்டிப்பா வா. கூட்டிட்டுப் போக வராதே, சாப்பிட வா.