உப்புத் தோணிக்குத் தமிழ்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புடவை டிசைன் போடுகிற கடையில் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. இன்று மட்டும் மூன்று முந்தானை டிசைன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயிலை நிரப்பி நிரப்பி, கண்ணை மூடினாலும் கட்டமாகத்தான் தெரிகிறது. முதலாளி மாணிக்கவேல் பின்னால் வந்து நின்று, "இன்னாமா இது, மயிலு வாத்து மாறி இருக்குது?" என்றார். மனசு தண்ணீரில் கிடந்தால் மயில் வாத்தாகத்தான் வரும். அதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? கழுத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு வீட்டில் அண்ணனோடு தோணி ஏறினேன். இதற்காகத்தான் நாள் முழுக்கக் காத்திருப்பது. 'சால்ட் ஃபெர்ரி', 1998இல் வந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. நான் வைத்த பெயர் உப்புத் தோணி. சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஓர் உப்பங்கழி, எப்போதும் விடியப்போகிற மாதிரியே ஒரு வெளிச்சம். தோணிக்காரன் ஆட்களை ஏற்றி அக்கரையில் விடுவான். ஏறுகிறவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். அவன் என்ன பதில் சொல்லவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். மவுஸ் பிடிக்க ஒரு கை போதும்.

அண்ணன் மணிவண்ணனுக்கு இப்போது ஒரு கைதான். இருபது வருஷம் நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவன், இரண்டு வருஷத்துக்கு முன்பு தடா செக்போஸ்டில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. டாக்டர் வெளியே நடக்கச் சொல்கிறார். கோலை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறான், வாசலைத் தாண்ட மாட்டான். "தெருவே வேடிக்க பாக்கும்" என்கிறான். பேச்சு குழறும், அதனால் பேசுவதும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விளையாட்டின் முன்பாதி மட்டும் தமிழில் இருக்கிறது. பின்பாதியை நான் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல வேண்டும். நான் சொல்லும்போது அண்ணன் வெறுமனே தலையை ஆட்டுகிறான். தமிழ் வரும் இடங்களில் அவனே வாய்விட்டுப் படிக்கிறான். எழுத்துக்கூட்டி, எரிச்சல்பட்டு, மறுபடி முதலிலிருந்து. அந்தக் குரல் கேட்டால் அண்ணி காந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்று கேட்கிறாள். "நைட்டு பூரா இந்த மாறி பேசினா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றாள் இன்று.

மீதியையும் தமிழாக்கி முடித்துவிட வேண்டும். கடைசி வரைக்கும் அவனே படிக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளை வரைந்தது நான், புடவைக்குப் புட்டாப் பூ போடுகிற அதே கட்டங்களில். 'ணை' ஒன்றுக்கே ஒரு வாரம் ஆனது. வசனம் எழுத ஆரம்பித்தது கந்தன். கடையில் என் பக்கத்து நாற்காலிக்காரன். ஒரே நாளில் இரண்டு பேரும் இந்த விளையாட்டை வாங்கினோம், சேர்ந்து தமிழாக்கினோம். பாதியில், ஒரு திங்கட்கிழமை, நாற்காலி காலி. ஓசூரில் வேலையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போடா என்று, நெட்டில் போட்டிருந்த தமிழாக்கத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டேன். ஐந்து வருஷம் ஆகிறது. செய்தது சரிதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விளையாட்டு வாங்கிய கடையிலிருந்து மெயில். 'ஓல்டு ஹார்பர்' — இணையத்தில் பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கிற கடை. மற்ற இடங்களில் வாங்கினால், திறக்கும்போதெல்லாம் கடையைக் கேட்டுத்தான் திறக்கும். கடை போனால் அதுவும் போச்சு. இங்கே அப்படி இல்லை. ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டாம், காலத்துக்கும் நம்முடையது.

இப்போது கடையையே வேறு கம்பெனி வாங்கிவிட்டதாம். வாங்கியதையெல்லாம் அக்டோபர் 31க்குள் இறக்கிக்கொள்ள வேண்டுமாம். 'அதற்குப் பிறகு என்ன என்பதை முடிவான பின் தெரிவிப்போம்.' மூன்று முறை படித்தேன். கையை விரிப்பதை இதைவிட மரியாதையாக எழுத முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

கடையின் அரட்டைப் பக்கத்தில் ஒரே ஒப்பாரி. இருநூறு விளையாட்டு வாங்கி வைத்திருக்கிறேன், என் ஊர் நெட்டில் எப்படி இறக்குவேன் என்று ஒருவர். நம்மிடம் இருப்பது இருக்கட்டும், இனிமேல் வருகிறவன் இதையெல்லாம் எங்கே போய் வாங்குவான் என்று இன்னொருவர். நான் ஜம்பமாக எழுதினேன்: 'வாங்கிய அன்றே இறக்கி டிஸ்கில் வைத்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்குகிறேன்.'

அக்டோபர் 5, ஞாயிறு

தாமலில் சித்தி வீட்டு விசேஷம். ஆட்டோ வைக்கிறேன், வா அண்ணா என்று கெஞ்சினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நானும் அண்ணியும் மட்டும் போனோம்.

சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் நின்றேன். மழை விட்டிருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறம், நடுவில் கோடே இல்லை. ஒரு கொக்கு தண்ணீருக்கு மேல் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா, தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. இப்போது ஒரு தோணி வரும், அதில் அண்ணன் வருவான், "ஏறுமா, லோடு இல்லாம திரும்பக் கூடாது" என்பான் — அவ்வளவு நிச்சயமாக இருந்தது. அண்ணி வந்து தோளில் தட்டினாள். "பஸ் போயிடும் பிரியா, இன்னா கனா கண்டுக்கினு?"

அண்ணனுக்குப் போட்டோ காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "நம்ம கழி" என்றான்.

அக்டோபர் 31, வெள்ளி

முடிந்தது! கடைசி வரி வரை தமிழ். அண்ணன் இன்னும் எட்டாத இடம், அதனால் அவனிடம் முடிவைச் சொல்லவில்லை. கடைசியில் தோணியில் யாரும் ஏற மாட்டார்கள். தோணிக்காரன் மட்டும்தான். திரையில் இரண்டே பதில்: 'கரையேறு', 'தோணியைத் திருப்பு'. கரையேறினால் ஊர், கடைத்தெரு, ஆட்கள். திருப்பினால் பனியில் போய்க்கொண்டே இருப்பான், அதுவும் அழகான முடிவுதான். இரண்டையும் எழுதினேன். அண்ணன் எதைத் தொடுவான்?

சாயங்காலம் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரை, ஒரு வரி நன்றி. அவ்வளவுதான்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. நான் வேலையில் இருந்தபோது ஓட்டு இடுக்கில் ஒழுகி, லேப்டாப் மேலேயே சொட்டியிருக்கிறது. செத்துவிட்டது. பரவாயில்லை. விளையாட்டு டிஸ்கில், தமிழாக்கம் மெயிலில். நான் யார்!

நவம்பர் 8, சனி

பழைய லேப்டாப் ஒன்று வாங்கி டிஸ்கைச் செருகினேன். உப்புத் தோணி ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு. தட்டினேன். 'இரண்டாம் பகுதி இல்லை' என்றது. மறுபடி தட்டினேன். மறுபடி இல்லை. பெரிய கோப்பு எங்க? அதுலதானே விளையாட்டே இருக்குது! இது வெறும் வாசக்கதவு, உள்ள வீடே இல்ல! ஐயோ கடவுளே, யாரு எடுத்தாங்க, எங்க போச்சு?

நவம்பர் 9, ஞாயிறு

யாரும் எடுக்கவில்லை. நான்தான்.

கடையில் தறிக்கு அனுப்புகிற ஒவ்வொரு டிசைனுக்கும் 'டாட் பின்' என்று முடிகிற ஒரு கோப்பு மிஞ்சும். குப்பை. மாதக் கடைசியில் டாட் பின் எல்லாவற்றையும் தேடி ஒரே தட்டில் அழித்துவிடுவோம். கைப்பழக்கம். மார்ச்சில் கடை டிஸ்க் கெட்டபோது என் டிஸ்கைத்தான் கொண்டுபோனேன். மாதக் கடைசி வந்தது. தேடினேன், அழித்தேன். விளையாட்டின் பெரிய கோப்பும் டாட் பின் என்றுதான் முடியும். லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்ததால் இத்தனை மாதம் தெரியவே இல்லை.

நிம்மதியாகத் தூங்குகிறாளாம். செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 10, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால்கூடத் தேவலை. "வுடும்மா" என்றான். ஆறு மணிக்குக் கட்டிலை விட்டு எழவே இல்லை.

நவம்பர் 12, புதன்

ஓல்டு ஹார்பரின் பழைய முகவரிக்கு எழுதினேன். இயந்திரப் பதில் வந்தது. அரட்டைப் பக்கத்து ஆட்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். கண்ட கண்ட தளத்தில் கண்டதை இறக்கிப் பார்த்தேன். அது வேறு பதிப்பு, என் தமிழ் அதில் ஒட்டவில்லை. நாங்கள் வாங்கிய பதிப்பே வேண்டும்.

இரண்டு நாளாக அண்ணன் வாயே திறக்கவில்லை. அண்ணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைப் பார்க்காமல், "அத்த தவிர அவருக்கு வேற ஒண்ணும் இல்ல பிரியா" என்றாள்.

நாங்கள் வாங்கிய பதிப்பு. நாங்கள்.

நவம்பர் 13, வியாழன்

கந்தனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எதையும் மூன்று இடத்தில் வைக்கிறவன் அவன். பென்டிரைவ், டிஸ்க், அதற்கும் மேல் சிடி வேறு. 'கிழவி மாதிரி மூட்டை கட்டுறான்' என்று எவ்வளவு கிண்டல் அடித்திருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அவனே கூப்பிட்டான்.

"இன்னா பிரியா, அஞ்சு வருசம் கழிச்சு நம்பரு ஞாபகம் வந்துச்சா?"

எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. அண்ணனைச் சொன்னேன், மழையைச் சொன்னேன். டாட் பின்னைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. "நம்ம கடை ஆளுங்களுக்குத்தான்மா இது நடக்கும்!" எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "என் பேர எடுத்துட்ட இல்ல நீ. பாத்தேன். ரெண்டு நாளு சோறே எறங்கல."

"சொல்லாம கொள்ளாம ஓடினது யாரு?"

"சொன்னா அழுவன்னு நெனச்சேன்."

"நானா? அழுவேனா?" என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். வசனத்தில் பாதி அவனுடையது, அண்ணன் வாய்விட்டுப் படித்தது முழுக்க அவன் எழுதியது. அதை இத்தனை நாள் என் பெயரில் வைத்திருந்தேன். இதைச் சொன்ன பிறகு மூச்சு லேசாக வந்தது.

ஓல்டு ஹார்பர் மறுபடி திறக்குமா என்று கேட்டேன். "வாங்கினவனுக்கே தெரியாது. இத்தினி பழச வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு யோசிச்சிக்கினு இருப்பான்" என்றான். அவனும் கவலையாகத்தான் இருக்கிறான். புதிதாக ஒருவர் எங்கள் தமிழில் ஆடிப் பார்க்க வேண்டும் என்றால், இப்போதைக்கு விளையாட்டு வாங்க வழியே இல்லை.

நவம்பர் 17, திங்கள்

கந்தன் அனுப்பிவிட்டான். அவனுடைய பிரதி, என் லேப்டாப். நீ யார், யாருடையது இது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படியே திறந்தது. தமிழைப் போட்டேன். முதல் திரையில் 'தமிழாக்கம்: கந்தன், ஜெயப்ரியா'. அவன் பெயரை மேலே வைத்தேன்.

பழைய லேப்டாப்போடு அண்ணன் இதுவரை ஆடிச் சேமித்ததும் போய்விட்டது. முதலிலிருந்து ஆட வேண்டும் என்று பயந்து பயந்து சொன்னேன். "நல்லதுதான்" என்றான். எழுந்து உட்கார்ந்தான்.

நவம்பர் 22, சனி

இனி நான் பக்கத்தில் உட்கார வேண்டியதே இல்லை. நாங்கள் வேலைக்குப் போன பிறகு பகலிலேயே ஆடுகிறான். பக்கத்து வீட்டு கங்கையம்மாள், "உங்க அண்ணன் யார்கிட்டமா நாள் பூரா பேசிக்கினே இருக்காரு?" என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் துணி மடித்தேன்.

நவம்பர் 27, வியாழன்

முடித்துவிட்டான். நான் இல்லாமல்! கடைசித் திரைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "முடிஞ்சிருச்சி" என்றான், சாதாரணமாக. எனக்கு முகம் சுண்டிவிட்டது. எதைத் தொட்டாய் என்று கேட்டேன். "நீயே ஆடிப் பாருமா. 'துடுப்ப' தப்பா எழுதியிருக்க ஒரு எடத்துல" என்றான்.

பார்த்தேன். ஆமாம், தப்புதான்.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் நான் கிளம்பும்போது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, "அந்த நீலச் சட்டைய எடு" என்றான். இடது கையால் அவனே பட்டன் போட முயன்றான். கடைசி இரண்டை மட்டும் என்னைப் போடவிட்டான். கோலை எடுத்தான். பிடிக்கப் போனேன். "நீ பின்னாடி வா. கிட்ட வராத" என்றான்.

வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கினான். தெருமுனை டீக்கடைக்கு அறுபது அடி இருக்கும். நான்கு இடத்தில் நின்றான். கடைக்காரர் தேவேந்திரன் டீயை ஆற்றியபடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மணியா! வாப்பா, வாப்பா" என்று பெஞ்சைத் துடைத்தார். ஆட்கள் சூழ்ந்தார்கள். அண்ணன் தடா செக்போஸ்டிலிருந்து ஆரம்பித்தான். குழறி, நிறுத்தி, ஒரு சொல்லுக்காகக் கண்ணை மூடித் தேடி, மறுபடி முதலிலிருந்து. ஒருவரும் நடுவில் பேசவில்லை.

நான் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்கு ஒரு மணி நேரம் லேட்.