ஏலக்காரரின் ஆமென்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

இங்கே சாப்பாட்டில் உப்பே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டே வார்டை ஆள்கிறார். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாளைக் காலை தொண்டையில் ஆபரேஷன் முடிந்தால் என் குரல் திரும்பி வராது என்று டாக்டர் உன்னிடம் சொன்னதை நீ என்னிடம் மறைத்தாய். அவர் என்னிடமும் சொல்லிவிட்டார். நான் உன்னிடம் மறைத்தேன். நல்ல ஜோடிதான் நாம்.

இருபது வருஷமாகப் பழச்சந்தையில் ஏலம் கூவிய தொண்டை. வீட்டு ஜெபத்திலும் அதே கூச்சல்தான். "கர்த்தருக்கு என்ன காது கேக்காதா? இப்படிக் கத்துறீங்களே!" என்று நீ சலித்துக்கொள்வாய்.

இன்று என் கழுத்தை மழிக்க வந்தவர் கத்தியை எடுத்ததும் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. சத்தமாக ஜெபிக்க வாயைத் திறந்தேன். "அசையாதீங்க சார், வெட்டிரும்" என்றார். வேறு வழியில்லாமல் மனசுக்குள்ளேயே, "இயேசுவே, பயமா இருக்கு, கூடவே இருங்க" என்றேன். என் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அதுதான். மழித்து முடிப்பதற்குள் உதறல் நின்றுவிட்டது. நீ சொன்னது சரி. கர்த்தருக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

இனி வீட்டு ஜெபத்தை நீ சொல். சாப்பாடு ஆறாது, பிள்ளைகளும் நடுவில் தூங்கிவிட மாட்டார்கள். ஏலம் முடிந்ததும் பலகையில் மூன்று முறை தட்டுவேனே, அதுபோல நீ முடித்ததும் மேசையில் தட்டுவேன். அதுதான் என் ஆமென்.

இப்படிக்கு,
உன் சத்தக்காரன்